அப்பாவின் ஏரியலும் அண்ணனின் அறையும்

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி தாண்டி, ஒரு மாட்டுக்கொட்டில் இருந்தது. மாடுகள் போன பிறகு சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டு அதை அறையாக்கினோம். பக்கவாதம் வந்து தேறிய அண்ணன், காற்றோட்டமாக இருக்கிறது என்று இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். வீட்டிலிருந்து நூறடி தூரம்.

ஞாயிறுதோறும் அவர் மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் படம் உறைந்து, அழைப்பு அறுந்துவிடும். செல்போன் சிக்னலும் எங்கள் தெருவில் அரைகுறைதான். ஒருநாள் அண்ணன் சொன்னார்: "என் நாக்கு குழறுதில்லையா, அவளுக்குக் கேக்கப் பொறுமை இல்லேடா. வெச்சிடறா."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் நான். கோளாறு மகளிடம் இல்லை, எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியே இல்லாமல் மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். ஆனால் காற்றில் வரும் அலையைக் கேட்க நம் அப்பாக்களுக்கு வெகுகாலம் அரசு அனுமதி தேவைப்பட்டது. வருஷாவருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்க அப்பா போவார். நானும் கூடப் போயிருக்கிறேன். எங்கள் மர்ஃபி ரேடியோவுக்கான ஏரியல் கம்பி, வீட்டு முகட்டிலிருந்து அந்த மாட்டுக்கொட்டில் மூங்கில் வரை போகும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் முறை ஒழிந்தது.

கணினிகள் வானொலி அலையில் பேசிக்கொள்ளத் தொடங்கியது 1971இல், ஹவாய்த் தீவுகளில். அங்கே பல்கலைக்கழகத்தின் கிளைகள் தீவுக்கு ஒன்றாகக் கிடந்தன. நார்மன் ஏப்ராம்சனும் அவருடைய குழுவினரும் அலோகாநெட் என்ற அமைப்பால் அவற்றை இணைத்தார்கள். அவர்களுக்கு நடுவில் கடல். எனக்கு நடுவில் கிணற்றடி. விஷயம் ஒன்றுதான்.

1985இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அதே அலைவரிசை. 1997இல் அதற்கான முதல் பொதுத் தரம் வந்தது. வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது. நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றால் ஒருவர் அலை மற்றவருக்கு இடைஞ்சலாகக் கூடாது. அதனால் சக்திக்கு வரம்பு உண்டு. வீட்டு ரவுட்டர் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே அலையை அனுப்பும். எங்கள் வீட்டுச் சுவரோ ஒன்றரை அடி கனம். அதைத் தாண்டிப் போனாலும் தகரம் திருப்பி அடித்துவிடும்.

முதலில் ஒரு ரிப்பீட்டர் வாங்கிக் கொல்லைக் கதவருகே வைத்தேன். அது ஒரே வானொலியால் ரவுட்டரிடமும் பேசி, அறையிடமும் பேச வேண்டும். அதனால் வேகம் பாதியாகிவிடும். முகம் உறைவது நிற்கவில்லை.

கடைசியில் எங்கள் துறையின் பழைய வழிக்கே வந்தேன். கட்டடத்துக்குக் கட்டடம் கம்பியில் போ, கட்டடத்துக்குள் மட்டும் காற்றில் போ. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எனக்கு முப்பது மீட்டர்தான். ஆனால் வேலைக்கு வந்த தம்பி, "செம்புக் கம்பி வேணாம் சார், இடி இறங்கினா ரெண்டு பக்கமும் போயிடும். ஃபைபர் போட்டுருவோம்" என்றான். சரியான பேச்சு. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஓரடி ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய் பதித்து, அதற்குள் இழையை விட்டோம். இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர், அண்ணன் அறையில் இன்னொரு வைஃபை பெட்டி. பள்ளம் வெட்டிய பிறகுதான் கவனித்தேன்: அப்பாவின் ஏரியல் மேலே போன அதே வழி.

அந்த ஞாயிறு அண்ணன் நாற்பது நிமிஷம் பேசினார். குழறினார், நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். அவள் காத்திருந்து கேட்டாள். நான் வெளியே கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்ததும் கூப்பிட்டார்: "டேய், அவ வெக்கலடா. நான்தான் தூக்கம் வருதுன்னு வெச்சேன்."

அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பத்திரமாக வையுங்கள்.