பல் அடைப்பும் புகைப்பழக்கமும்

பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் காம்போசிட் அடைப்பு, ரெசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்தது. புகையிலுள்ள தாரும் நிக்கோட்டினும் அதன்மேல் படிந்து மஞ்சளாக, பழுப்பாக மாற்றுகின்றன. மெருகு குறைந்து சொரசொரத்த இடத்தில் கறை இன்னும் எளிதில் பற்றும். காபியும் தேநீரும்கூடக் கறைப்படுத்துமே என்பது நியாயமான கேள்விதான். மேலோட்டமான கறையை மெருகேற்றி நீக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அடைப்பும் பல்லும் சேரும் இடுக்கில் இறங்கிய கறை மெருகுக்கு மசியாது. அதைச் சொத்தை என்று தவறாகக் கருதி நல்ல அடைப்பையே பெயர்த்தெடுக்கும் வருந்தத்தக்க நிலையும் நேர்கிறது. தேநீர் செய்யாத இன்னொரு கேட்டையும் புகை செய்கிறது: ஈறுநோயை முற்றவைக்கிறது. ஈறு இறங்கினால் எனாமல் இல்லாத வேர் வெளிப்படும். அடைப்பின் ஓரத்தில் புதிய சொத்தை அங்கே எளிதில் தொடங்கும். உலோகக் கலவையான அமால்கம் அடைப்பில் கறை தெரியாது, ஆனால் அதைத் தாங்கும் பல்லுக்கும் இதே ஆபத்து உண்டு.