தண்ணீர் இழந்த தண்மை

‘தண்ணீர்’ என்னும் சொல்லைத் தண் + நீர் எனப் பிரித்துக் காட்டிவிட்டு நாம் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறோம். குளிர்ந்த நீர் என்பதே அதன் பொருள். வெந்நீருக்கு எதிராக நின்ற அச்சொல், இன்று ‘சுடுதண்ணீர்’ என்று கூசாமல் சொல்லுமளவிற்குப் பொருள் தேய்ந்துவிட்டது. இத்தேய்வு மொழியோடு நிற்கவில்லை. காடு அழிந்த மலைகளில் ஓடைநீரும் மெய்யாகவே தன் தண்மையை இழந்திருக்கிறது.

பரிபாடலில் முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியன. அவ்வையை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும், போடி மலையின் கொட்டகுடி ஆறும் அதனோடு வந்து சேர்கின்றன. இம்மலைகளின் உயர்ந்த பகுதிகளில் மேடுகளைப் புல்வெளியும் மடிப்புகளைச் சோலையும் மூடியிருந்தன. தாவரவியலார் நம்மிடமிருந்து கடன் பெற்ற சொல் ‘சோலை’. அச்சோலை வளர்வது ஓடை ஓடும் பள்ளங்களில்தான் என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆகவே சோலையை வெட்டுவது ஓடையின் குடையைப் பறிப்பதாகும்.

அக்குடை பறிபோன வரலாற்றில் மதுரைக்கும் பங்குண்டு. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி மலையேறி, 1845இல் கொடைக்கானலில் தம் முதல் வீடுகளைக் கட்டினர். குளிர்ச்சியைத் தேடிச் சென்றவர்களைப் பின்தொடர்ந்து குடியிருப்பும் விறகுத் தேவையும் தோட்டங்களும் பெருகின. கீழ்மலையில் காப்பி பரவியது. மேல்மலையில் பின்னாளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன.

காடழிவு குறித்த கவலை அக்காலத்தில் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்து மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றி 1849இல் எழுதினார். ஹியூ கிளெக்ஹார்ன் முதலியோர் வெப்பமண்டலக் காடழிவு பற்றிய அறிக்கையை 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் அளித்தனர். 1856இல் அவரே இம்மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. எனினும் மழை குறையுமா, ஊற்று வற்றுமா, மரம் தீர்ந்துபோகுமா என்பவற்றைச் சுற்றியே அவ்வாதங்கள் சுழன்றன. நீரின் அளவை எண்ணியவர்கள் அதன் தன்மையை எண்ணத் தலைப்படவில்லை.

தூண்டில் விளையாட்டுக்கு மட்டும் குளிர்நீரின் அருமை தெரிந்திருந்தது. ஐரோப்பிய டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொணரும் முயற்சி 1863இலேயே தொடங்கிற்று. 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. குளிர்நீரிலன்றி அம்மீன் தழைக்காது.

குடை பறிபோனால் என்ன நேரும் என்பதை ஐயமற அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள். 1966இல் நீடில் பிராஞ்ச் என்னும் சிற்றோடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுதும் மரம் வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அவ்வோடையின் உச்ச வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசிலிருந்து 29 பாகைக்கு ஏறியது. அருகிலிருந்த டீர் கிரீக்கிலும் மரம் வெட்டினர்; ஆனால் கரையோரம் ஒரு பட்டையளவு மரங்களை விட்டுவைத்தனர். அங்கே வெட்டினால் விளைந்தது எனத்தக்க வெப்ப மாற்றம் எதுவும் காணப்படவில்லை. பிரவுன், கிரைகியர் ஆகிய இருவரும் 1970இல் இதனை வெளியிட்டனர்.

காரணம் எளிது. சிற்றோடையைச் சூடாக்குவதில் முதலிடம் நேர் வெயிலுக்கே. வெட்டிய சரிவிலிருந்து வண்டல் இறங்கி ஓடையை அகலமாகவும் ஆழமற்றதாகவும் ஆக்கினால் வெயில் இன்னும் எளிதாக வேலை செய்யும். 15 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்குகிறது. பாறையில் ஒட்டி வாழும் சிறுமீனும் தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சிகளும் மூச்சுத் திணறுவது அதனால்தான்.

கோரிப்பாளையத்தில், ஆல்பர்ட் விக்டர் பாலத்தடியில் காணும் நீரின் சூட்டிற்கு மலையைக் குறை கூறுதல் பொருந்தாது. அத்துணைத் தொலைவு வந்த ஆறு வழியிலுள்ள மணலின் சூட்டையும் சமவெளியின் வெயிலையும் ஏற்றே வருகிறது. இழப்பு மலையின் மடிப்பிலேயே, நம் கண்ணுக்கு எட்டாத சிற்றோடையிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதனாலேயே அது யாருடைய முறையீட்டிலும் இடம்பெறாமற் போயிற்று எனலாம்.

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது வைகையின் பிறப்பிடத்திற்கும் ஒரு காவல் கிடைத்தது. ஆயினும் மரங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மகிழ்வதற்கில்லை. புல்வெளியில் ஆயிரம் சீகை மரங்களை நட்டாலும் பள்ளத்தில் வெட்டுண்ட ஒரு சோலையின் நிழலுக்கு அவை ஈடாகா. மரம் எத்தனை என்பதோடு, எங்கே நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். ஓடைக்கரையில் ஒரு பட்டையளவு மரத்தைத் தொடாமல் விடுவது தோட்டக்காரருக்குச் சிறு இழப்பு. ஓடைக்கோ அதுவே உயிர். அதை விட்டுவைத்தால் ‘தண்ணீர்’ என்னும் சொல் அம்மலைகளிலேனும் தன் பொருளோடு வழங்கும்.