வலையின் முடிச்சு எது? - 1941 கிள்ளான் வேலைநிறுத்தம்



மீன் வலையில் எல்லா முடிச்சும் ஒன்றுபோல இருக்கும். மனிதர்களின் தொடர்பும் ஒரு வலைதான். ஆனால் அதில் சில முடிச்சுகளை அவிழ்த்தால் வலையே பிரிந்துவிடும். எவை அந்த முடிச்சுகள்? இன்றும் கணித அறிஞர்கள் ஆராயும் கேள்வி இது. 1941-இல் கிள்ளானில் ஆங்கில ஆட்சி இதற்கு ஒரு விடை கண்டது. அந்த விடை தவறிப்போனதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் கங்காணியைப் பாருங்கள். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் அவர். தொழிலாளி துரையிடம் நேரே பேச முடியாது. கங்காணி, கிராணி வழியாகத்தான் எதுவும் போகும். அமெரிக்க அறிஞர் லின்டன் ஃபிரீமன் 1977-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஒருவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பது இதில் கணக்கில்லை; மற்றவர்களுக்கு இடையிலுள்ள மிகக் குறுகிய வழிகளில் எத்தனை அவரைத் தாண்டிப் போகின்றன என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் கங்காணிதான் தோட்டத்தின் பெரிய முடிச்சு. 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தபோது, ஊரோடு இருந்த அவருடைய கயிறு அறுந்தது.

அப்போது வேறொரு வலை பின்னப்பட்டு வந்தது. பத்திரிகையாளர் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. 1941 தொடக்கத்தில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி (ஆசிரியனாகிய எனக்கு இதைச் சொல்வதில் தனிப் பெருமை). இன்னும் இரண்டு உண்டு. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். முதலாவது வலையின் இழையையே கேட்ட கோரிக்கை. இரண்டாவது மானத்தைப் பற்றியது. ஆனாலும் ஒரு தோட்டத்துச் செய்தியை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோனதில் அந்தச் சைக்கிளுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஏப்ரலில் சிறிய சம்பள உயர்வோடு அமைதி திரும்பியது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். நடு முடிச்சை அறுத்தால் வலை குலையும் என்பது அதிகாரிகளின் கணக்கு. நடந்தது வேறு. அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டு, கிள்ளானைக் கடந்து சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

ஏன்? 2010-இல் ஓர் ஆய்வுக் குழு, அதிகப் பேரைத் தெரிந்தவரே எதையும் அதிகம் பரப்புவார் என்பதில்லை என்று காட்டியது. ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்த உள்வட்டத்தில் இருப்பவரே தூரம் பரப்புகிறார். அப்படிப்பட்ட உள்வட்டம் லயங்களில் இருந்தது. அதிகாரிகளுக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது.

மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படைவீரர்களே கொண்டுவரப்பட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர்.