வரைபடத்தில் பிறந்த நகரம்

நகரங்கள் இருவகைப்படும். தாமாக வளர்ந்தவை ஒருவகை. எண்ணி அமைக்கப்பட்டவை மற்றொரு வகை. காவிரிப்பூம்பட்டினத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாகக் காட்டி, எத்தொழிலோர் எப்பகுதியில் வாழ்ந்தனர் என்று விரித்துரைக்கிறது சிலப்பதிகாரம். அதனைப் பயின்றவர்க்கு நகரமைப்பு என்னும் கருத்துப் புதிதன்று. ஆயினும், நாம் வாழும் சிங்கப்பூரின் சாலைகளும் இருப்புப்பாதைகளும் எவ்வாறு எண்ணி அமைக்கப்பட்டன என்பதை நம்மில் பலர் அறிந்திலர். நாள்தோறும் செல்லும் வழியின் வரலாற்றை அறிவது நம் கடமையன்றோ?

1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் நகரக் குழு ஒன்றை அமைத்தார். பிலிப் ஜாக்சன் என்னும் பொறியாளர் நகருக்கு வரைபடம் தீட்டினார். நேர்கோடாகச் சென்று ஒன்றையொன்று வெட்டும் சாலைகளும், ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனிக் குடியிருப்புகளும் அதில் குறிக்கப்பட்டன. சிங்கப்பூர் ஆற்றையொட்டி இந்தியர்க்கெனச் சூலியா கம்போங் ஒதுக்கப்பட்டது. தாளில் கோடு வரைவது எளிது. அக்கோட்டைக் காட்டிலும் சதுப்பிலும் சாலையாக்குவது அரிது. 1825 முதல் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளே அவ்வரும்பணியிற் பெரும்பங்கை ஆற்றினர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரும் அவருள் இருந்தனர். கைதி முறை 1873இல் முடிவுற்றது; அவர்கள் இட்ட சாலைகள் நிலைத்தன. வரைந்தவர் பெயர் ஏட்டில் நின்றது. மண் சுமந்தவர் பெயர் நிற்கவில்லை.

1905இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1927இல் நின்றது. மக்கள்தொகை பெருகப் பெருக, நகரின் நடுப்பகுதியில் நெருக்கடி முற்றியது. 1958இல் பெருந்திட்டம் ஒன்று சட்ட வடிவம் பெற்றது. நகரம் மெல்ல வளரும் என்ற எண்ணத்தில் எழுந்த அத்திட்டம், விடுதலை பெற்ற நாட்டின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே, 1967இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு புதிய ஆய்வு தொடங்கியது. நான்காண்டு உழைப்பின் பயனாக 1971இல் கருத்துத் திட்டம் உருப்பெற்றது.

அன்று நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். திட்டமிட்டோரோ 40 லட்சம் மக்களை மனத்திற் கொண்டு எண்ணினர். நடுவிலுள்ள நீர்பிடிப்புக் காட்டைச் சுற்றி வளையம்போல் புதுநகர்கள். தெற்குக் கரையோரமாக ஜூரோங் முதல் சாங்கி வரை வளர்ச்சிப் பகுதி. இவற்றை இணைக்க விரைவுச்சாலைகளும் பெருவிரைவு இரயிலும். விமான நிலையம் சாங்கிக்கு மாற்றம். இதுவே அத்திட்டத்தின் சுருக்கம். இதில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. இரயில் ஓடுமா என்று முடிவாகாத காலத்திலேயே, அதற்குரிய வழி வரைபடத்தில் எண்ணி வைக்கப்பட்டது. கட்டுவது மட்டும் திட்டமிடலன்று; கட்டாமல் இடம் விட்டு வைப்பதும் திட்டமிடலே.

இரயில் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காணப் பத்தாண்டுகள் ஆயின. பெருஞ்செலவில் இரயில் அமைப்பதினும் பேருந்துகளைப் பெருக்குவதே மேல் என்று ஒரு சாரார் வாதிட்டனர். துணைப் பிரதமர் கோ கெங் சுவீ இரயிலை ஐயுற்றவருள் ஒருவர். 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வல்லுநர் குழுவும் பேருந்துகளையே பரிந்துரைத்தது. போக்குவரத்து அமைச்சராயிருந்த ஓங் தெங் சியோங் இரயிலை உறுதியாக ஆதரித்தார். தொலைக்காட்சியிலும் இவ்வாதம் நிகழ்ந்தது. பேருந்துகளை மட்டும் நம்பினால் நகர்நடுவிற் சாலைகள் அவற்றாலேயே அடைபடும் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. 1982 மே மாதத்தில், 500 கோடி வெள்ளி செலவில் இரயில் அமைக்க அரசு முடிவு செய்தது. 1987 நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் இரயில் ஓடிற்று.

இதற்கிடையே சாலைகளைக் காக்கும் முயற்சியும் நடந்தது. 1975இல், காலை நெரிசல் நேரத்தில் நகர்நடுவில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழும், 1998இல் மின்னியல் சாலைக் கட்டணமும் வந்தன. சிறு தீவில் சாலைக்கு ஈந்த நிலம் வீட்டுக்கோ பள்ளிக்கோ பூங்காவுக்கோ கிட்டாது. இவ்வுண்மையே இவற்றின் அடிப்படை.

ஆயினும், திட்டத்தின் விலை வெள்ளியால் மட்டும் அளக்கப்படுவதன்று. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நூலகத்தை மூத்தோர் மறந்திரார். வள்ளல் லீ கொங் சியான் அதற்கு நன்கொடை அளித்தபோது, யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், நம் மக்களின் மொழிகளுக்கு இடம் வேண்டும் என நிபந்தனை விதித்தார். தமிழ் நூலுக்கும் அங்கே வாயில் திறந்தது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலை அமைவதற்காக அந்நூலகம் 2004இல் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. கட்டடக் கலைஞர் தே கெங் சூன் 2000இல் மாற்றுத் திட்டமும் அளித்தார். முடிவு மாறவில்லை. 2007இல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. விக்டோரியா தெருவில் பெரிய நூலகம் எழுந்தது உண்மையே. எனினும், ஒரு தலைமுறை படித்து வளர்ந்த படிக்கட்டுகளை அது மீட்டுத் தரவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இரயிலைப் பற்றிய வாதம் முதற்கல் நடுமுன் முற்றுப் பெற்றது. அதனால் முடிவு உறுதிப்பட்டது. நூலகத்தைப் பற்றிய வருத்தமோ, கோடு ஏறத்தாழ உறுதியான பிறகே பெரிதாக ஒலித்தது. கோடு கரிக்கோலில் இருக்கும்போது அழிக்கலாம். கற்காரையில் இறுகிய பின் அழிக்க இயலாது.

ஆகவே, ஆசிரியர்காள்! நம் மாணவர்க்குக் காவியத்துப் பட்டினத்தைக் கற்பிக்கும்போதே, தம் ஊரின் வரைபடத்தைப் படிக்கவும் கற்பிப்போம். மாணவர்காள்! நகரத் திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது சென்று காணுங்கள், வினவுங்கள், தமிழிலும் வினவுங்கள். அன்று நம் முன்னோர் பிறர் வரைந்த கோட்டில் மண் சுமந்தனர். இன்று இரயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் நம் மொழி இருக்கிறது. நாளைய கோடுகளை வரையும் அவையில் நம் குரலும் இருத்தல் வேண்டும். வருமுன் காப்பது அறிவு. வரையுமுன் கேட்பது குடிமக்கள் கடமை.