தேக்கமும் சோர்வும்: சீன ஊசிமருத்துவ மரபில் ஒரு கருத்தின் வரலாறு

துயரத்தைக் குறிக்க மக்கள் கையாளும் சொற்கள் பெரும்பாலும் உடலிலிருந்தே பிறப்பன. நெஞ்சு அடைத்தது என்றும், துக்கம் தொண்டையில் நின்றது என்றும், மனம் புழுங்கியது என்றும் தமிழில் வழங்குகின்றோம். சீன மொழியிலோ உடலகத்துத் தேக்கத்தையும் உள்ளத்துச் சோர்வையும் ஒரே எழுத்துக் குறித்து நின்றது. 'யூ' என ஒலிக்கப்படும் அவ்வெழுத்தின் பழைய வடிவம் 29 கோடுகளைக் கொண்டது. அடர்ந்து மண்டிய மரச்செறிவு என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்றாகும். அடைபட்டு நிற்றல், புழுங்குதல், வாட்டமுறுதல் ஆகிய பொருள்களும் அதற்குண்டு.

அக்குபங்சர் எனப்படும் ஊசிமருத்துவம் பற்றிப் பேசுவோருட் சிலர், சீனர் ஈராயிரம் ஆண்டுகளாக மனச்சோர்வு நோயை ஊசியாற் குணப்படுத்தி வந்தனர் என எளிதிற் கூறிவிடுவர். வேறு சிலரோ பழைய மருத்துவர் உளநோயை அறிந்திலர் என்பர். 'யூ' என்னுங் கருத்தின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கூற்றுக்களும் பொருந்தாமை புலனாகும்.

ஊசிமருத்துவத்தின் தொடக்கம் குறித்த சான்றுகளுள் அகழ்வுகளிற் கிடைத்தவை முதன்மையானவை. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973இல் வெளிப்பட்ட பட்டுச்சுவடிகள் உடலின் பதினொரு நாளங்களை விவரிக்கின்றன. ஆயின் அந்நாளங்களுக்கு அவை கூறுஞ் சிகிச்சை சுடுகையேயன்றி ஊசியன்று. மாசிபத்திரியோடு ஓரினமான மூலிகையின் உலர்ந்த இலைப்பஞ்சை உடலின்மேல் எரிப்பதே அச்சுடுகையாகும். கி.மு. 113இல் இறந்த இளவரசன் லியூ செங்கின் கல்லறை 1968இல் மான்செங் என்னுமிடத்தில் அகழப்பட்டபோது பொன்னூசி நான்கும் வெள்ளியூசி ஐந்தும் கிடைத்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் நூற்றொகுதியிலேயே ஊசிமருத்துவம் முழுமையான கோட்பாடாக எழுகின்றது.

அத்தொகுதியின் அடிப்படை எளியது. 'சி' எனப்படும் உயிராற்றலும் குருதியும் நாளங்களில் இடையறாது ஓடவேண்டும். ஓட்டந் தடைப்படின் நோய் தோன்றும். தடைக்கான காரணங்களுள் குளிர், ஈரம் முதலியவற்றோடு உணர்ச்சிகளும் சமமாக வைத்து எண்ணப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. சினத்தால் உயிராற்றல் மேலெழும், அச்சத்தாற் கீழிறங்கும், ஓயாச் சிந்தனையால் முடிச்சுறும், கவலையால் அடைபட்டு நகராது நிற்கும் என்பன அந்நூலின் கருத்துக்கள். எனவே உடலுக்கொரு மருத்துவம், உள்ளத்துக்கொரு மருத்துவம் என்ற பிரிவுக்கு அங்கு இடமிருக்கவில்லை. கவலையுற்றோனின் நெஞ்சடைப்பும் மிகையுணவுண்டோனின் வயிற்றடைப்பும் தேக்கம் என்னும் ஒரே இனத்தின் இரு வகைகளாகவே கருதப்பட்டன.

சிகிச்சை முறைகளும் இக்கருத்தையே தழுவின. குருதி தேங்கிப் புடைத்த நுண்ணாளங்கள் காணப்படின், முதலில் அவற்றைக் குத்திச் சிறிது குருதியை வெளியேற்றிய பின்னரே ஏனைய சிகிச்சையைத் தொடங்குவர். அதன்பின் மெல்லூசியைச் செலுத்தி உயிராற்றலின் வருகைக்காகக் காத்திருப்பர். ஊசியைப் பிடித்த விரல்களில் ஓர் இறுக்கம் தென்படும்வரை இக்காத்திருப்பு நீளும். தூண்டிலை மீன் பற்றுவதை அவ்வுணர்வுக்கு உவமையாகப் பிற்கால ஊசிமருத்துவப் பாட்டு ஒன்று காட்டுகின்றது. ஆற்றல் மிகுந்து தேங்கியவிடத்து, நோயாளி மூச்சை உள்ளிழுக்கும்போது ஊசியைச் செலுத்தி, வெளிவிடும்போது எடுத்து, துளையை மூடாது விடுவர். இது வெளியேற்றல் எனப்பட்டது. ஆற்றல் குன்றியவிடத்து இதற்கு மாறாகச் செய்து துளையை விரலால் அழுத்தி மூடுவர். இது நிரப்பல் எனப்பட்டது. சோர்ந்திருப்போன் ஒருவனிடம் தேக்கம் உளதா, வறுமை உளதா என்று துணிவதே மருத்துவனின் முதற் கடமையாயிற்று. ஊசியைத் தொடுமுன் நோயாளியின் உள்ளநிலையை அறிதல் வேண்டும் என்ற அறிவுறுத்தலும் அத்தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளது.

எனினும் 'யூ' என்னுஞ் சொல் தொடக்கத்தில் உளச்சோர்வை மட்டுங் குறித்ததன்று. 762இல் வாங் பிங் என்பவர் அத்தொகுதியின் ஒரு பகுதியைத் திருத்தி வெளியிட்டபோது சேர்த்த இயல்களில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பவற்றின் ஐவகைத் தேக்கங்கள் கூறப்படுகின்றன. பருவங்களின் ஒழுங்கு குலைதலோடு தொடர்புபடுத்தியே அவை அங்கு விளக்கப்பட்டன. மனிதனின் துயரம் அங்கு நேரடியான பொருளன்று.

இக்கருத்தை வானிலிருந்து உடலுக்கு இறக்கியவருள் தலையாயவர் சூ தன்சி (1281-1358) எனலாம். உயிராற்றல், ஈரம், சளி, வெப்பம், குருதி, உணவு என ஆறு தேக்கங்களை அவர் வகுத்தார். மனித உடலின் பெரும்பாலான நோய்கள் தேக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. அவர் பெரிதும் மூலிகைகளையே கையாண்டவர். ஆயினும் அவர் வகுத்த ஆறனுள் ஐந்து இன்றைய வழக்கில் முற்றிலும் உடல் சார்ந்தவை என்பதை நோக்குக. சாங் ஜியேபின் (1563-1640) 1624இல் நிறைவுசெய்த பெருநூலிலேதான் தெளிவானதொரு வேறுபாடு தோன்றுகின்றது. நோயினால் விளையுந் தேக்கம் வேறு. உணர்ச்சித் தேக்கத்தினால் விளையும் நோய் வேறு என்றார் அவர். பின்னையதைச் சினம், சிந்தனை, கவலை என மூன்றாகப் பகுத்தார். நோயாளியின் உள்ளக்கிடக்கை மாறினாலன்றி மருந்து மட்டும் பயன்தராது என்பதும் அவருடைய கருத்தாகும். சொல்லின் பொருள் உள்ளத்தை நோக்கி நகர்ந்த கட்டம் இதுவாகும்.

இதே காலப்பகுதியில் ஊசிமருத்துவர் எவ்வாறு செயற்பட்டனர் என்பதற்கு 1601இல் வெளிவந்த 'சென்ஜியூ தாசெங்' சான்று தருகின்றது. யாங் ஜிசோ என்னும் அரச மருத்துவரின் சிகிச்சைக் குறிப்புக்கள் பல அதிலுள்ளன. அரச தூது அலுவலர் ஒருவர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் அடைப்புற்று உடல் மெலிந்திருந்தார். மருந்துகள் பயனளிக்கவில்லை. நாடி ஆழ்ந்தும் தடைபட்டும் நடந்தது. யாங் மார்பின் நடுவிலுள்ள புள்ளியில் அடைப்பைச் சீராக்கவும், கொப்பூழின் கீழுள்ள புள்ளியில் மூல ஆற்றலைப் பேணவும் ஊசியிட்டார். பின்னர் இரண்டிலும் ஏழு முறை சுடுகை செய்தார். நோயாளி குணமடைந்தார் என்பது குறிப்பு. தேங்கியதை அசைத்தலும் குன்றியதை வளர்த்தலும் ஒருங்கே நிகழ்ந்தமையை இங்குக் காண்கின்றோம். அவ்வலுவலர் இரைப்பை நோயாளியா, மனச்சோர்வு நோயாளியா என்று இன்று நாம் வினவலாம். யாங்கின் உலகில் அவ்வினா எழவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகள் ஊசிமருத்துவத்துக்கு இறங்குகாலமாயின. 1822இல் தாவோகுவாங் பேரரசனின் ஆணையால் அரச மருத்துவ நிறுவனத்தில் ஊசிமருத்துவப் பிரிவு நிறுத்தப்பட்டது. அரசனின் உடலில் ஊசியும் நெருப்பும் படுதல் தகாது என்பதே காட்டப்பட்ட காரணம். 1929இல் நாங்கிங்கில் கூடிய சுகாதார மாநாடு பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கும் பிரேரணையை ஏற்றது. மருத்துவர்களின் நாடளாவிய எதிர்ப்பினால் அது செயலுக்கு வரவில்லை. செங் தானான் (1899-1957) போன்றோர் நவீன உடற்கூற்றியலின் துணைகொண்டு புள்ளிகளை மீள வரைந்தனர். 1956இல் மக்கள் சீனம் நான்கு நகரங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகளை நிறுவியது. அவ்வகைக் கல்லூரிகளுக்கென எழுந்த பாடநூல்களில் 'யூ' ஒரு தனிநோயாக இடம்பெற்றது. ஈரலின் உயிராற்றல் தேங்குதலே அதன் தலையாய காரணமாகக் கூறப்பட்டது. பாதத்திலுள்ள தாய்சோங், மணிக்கட்டருகிலுள்ள நெய்குவான், உச்சியிலுள்ள பாய்ஹுய் முதலிய புள்ளிகள் அதற்கு விதிக்கப்பட்டன. தொன்றுதொட்டு மாறாது வந்ததெனப் பலர் எண்ணும் இவ்வொழுங்கமைப்பு, பழைய கூறுகளால் இருபதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட புதிய கட்டடமேயாகும்.

மேற்குலகின் கவனத்தை முதலில் ஈர்த்தது உடற்றேக்கமே. 1971 யூலையில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ரனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னர் ஏற்பட்ட வயிற்று உப்புசத்துக்கு முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் ஊசியிட்டனர்; சுடுகையும் செய்தனர். அவர் எழுதிய கட்டுரை அமெரிக்காவிற் பெரும் ஆர்வத்தைத் தூண்டியது.

உளச்சோர்வு பற்றிய வினா சற்றுப் பின்னரே எழுந்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆதர் கிளைன்மன் ஹுனான் மருத்துவக் கல்லூரியில் நரம்புத்தளர்ச்சி எனக் கணிக்கப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்தார். அவர்களுள் 87 பேர் மேற்குலக வரைவிலக்கணப்படி கடும் மனச்சோர்வு நோயாளராயிருந்தனர். ஆயின் அவர்கள் முறையிட்டவையோ தலைவலி, உறக்கமின்மை, தலைச்சுற்று முதலியன. 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியின் இழப்புக்கள் அவர்களுட் பலரின் வாழ்விற் படிந்திருந்தன. துயரம் என்று வாய்விட்டுச் சொல்வது அரசியற் குற்றமாகக்கூடிய காலத்தில் உடலே அத்துயரின் மொழியாயிற்று. மருந்தினாற் பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. ஆனால் வேலையிலும் குடும்பத்திலும் இடர் தீராதோரின் நலிவு நீங்கவில்லை. உள்ளத்துணர்வு உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு எனத் தனி இயலில் வகுத்த தொல்காப்பிய மரபினர்க்கு இது வியப்பளிப்பதன்று.

ஊசியின் பயன் குறித்து நவீன ஆய்வுகள் கூறுவதையும் நோக்குதல் தகும். 2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் மனச்சோர்வுற்ற 755 பேர் பங்குகொண்டனர். வழமையான சிகிச்சையுடன் ஊசிமருத்துவமோ உளவளத்துணையோ பெற்றோர், வழமைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட மூன்று மாதங்களிற் கூடிய நலம் பெற்றனர். அவ்விரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2018இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 64 ஆய்வுகளையும் 7,104 பேரையும் உள்ளடக்கியது. சிகிச்சையின்மையோடு ஒப்பிடுகையில் ஊசி ஓரளவு பயன்தரலாம். போலி ஊசியோடு ஒப்பிடுகையில் அப்பயன் சிறிது. சான்றுகளின் தரமோ தாழ்ந்தது என்பது அதன் முடிவு. கடுஞ்சோர்வுற்ற ஒருவரை உளமருத்துவரிடமிருந்து விலக்கி ஊசியை மட்டும் நம்பச் செய்வதற்கு இச்சான்றுகள் போதா.

மக்கள் சீனத்தின் எழுத்துச் சீர்திருத்தம் 29 கோடுகளையுடைய அவ்வெழுத்தை விலக்கி, ஒத்த ஒலியுடைய எட்டுக் கோட்டு எழுத்தை அவ்விடத்தில் அமர்த்திற்று. மரச்செறிவின் வடிவம் மறைந்தது. ஆயினும் மனச்சோர்வு நோய்க்கு இன்றைய சீன உளமருத்துவம் வழங்கும் பெயரிலும் 'யூ' ஒலிக்கின்றது. பழைய ஊசிமருத்துவர் இன்றைய நோயை இன்றைய பெயரால் அறிந்தவரல்லர். ஆனால் அடைபட்ட நெஞ்சோடு வந்தவனை, உனக்கு உடலில் நோயில்லை எனக் கூறித் திருப்பியனுப்பியவருமல்லர். அவர்தம் கோட்பாட்டை ஏற்பினும் மறுப்பினும், உடலின் முறையீட்டை உள்ளத்தின் முறையீடாகவுங் கேட்ட அச்செவி எக்கால மருத்துவத்துக்கும் வேண்டப்படுவதேயாகும்.