குறியீட்டுப் பட்டியலா, இயங்குதளமா? தமிழ் அகரவரிசைச் சிக்கல் குறித்து ஒரு மறுவாசிப்பு

கணினி இயங்குதளங்களில் தமிழ் பின்தங்கியதற்கு ஒருங்குறியின் தமிழ்ப் பட்டியலே காரணம் என்னும் கருத்து நம் ஆய்வுலகில் நெடுநாளாகச் செல்வாக்குடன் இருந்துவருகிறது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து வைத்ததால்தான் தேடலும் அகரவரிசையும் அச்சும் பிழைபட்டன என்பது அதன் சாரம். இந்தக் காரணகாரியத் தொடர்பை இக்கட்டுரை மறுக்கிறது. பட்டியலில் குறை உண்டு. ஆனால் பயனர் பட்ட இடர்ப்பாட்டை அந்தக் குறை விளக்கவில்லை.

அத்தரப்பின் மிக வலுவான சான்று அகரவரிசை. அதை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள, சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மாற்று மலைப்பாதையில் உள்ள குப்பனூரின் பெயரையே சோதிக்கலாம். படிப்பவர் கண்ணுக்கு இதில் ஐந்து எழுத்துகள்: கு, ப், ப, னூ, ர். ஒருங்குறியில் இதற்கு ஒன்பது குறியீடுகள் வேண்டும். கு, ப், னூ, ர் ஆகிய நான்கும் இவ்விரண்டாகப் பிரிகின்றன. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்த 16 துண்மி அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தில் ஐந்து குறியீடுகள் போதும்.

இனி ‘குப்பம்’ என்ற சொல்லை இதனருகே வைப்போம். நெடுங்கணக்கில் மகரம் முந்தியது, னகரம் மெய்வரிசையின் கடைசி. ஆகவே அகராதியில் குப்பம் முதலிலும் குப்பனூர் பின்னரும் வரவேண்டும். ஒருங்குறியிலோ னகரத்தின் எண் 2985, மகரத்தின் எண் 2990. தேவநாகரி முதலிய எழுத்துகளோடு ஒரே அச்சில் அமைந்த இஸ்கி தரத்தின் அடுக்குமுறையை ஒருங்குறி பின்பற்றியதால், நகரத்தை ஒட்டி னகரம் அமர்ந்துவிட்டது. எண் வரிசையை மட்டும் நம்பும் மென்பொருள் குப்பனூரை முன்னே தள்ளிவிடும். 16 துண்மிக் குறியேற்றத்தில் இப்பிழை நேராது. இதுவரை அத்தரப்பு சொல்வது முற்றிலும் சரி.

ஆனால் இச்சான்று எதை நிறுவுகிறது? குறியீட்டு எண்ணின் வரிசையும் அகராதி வரிசையும் வேறு என்பதை மட்டுமே. இரண்டும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்பதை அது நிறுவவில்லை. இந்த இரண்டாம் கூற்றை அத்தரப்பு வாதிட்டு நிறுவியதாகத் தெரியவில்லை. அதை இயல்பானதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

டேனிஷ் மொழியை நோக்கினால் இது தெளிவாகும். டேனிஷ் நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒருங்குறியில் தனி இடம் உண்டு. தமிழுக்கு மறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வசதி அதற்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. கடைசி மூன்று எழுத்துகள் முறையே ஏ‑யும் ஈ‑யும் ஒட்டிய எழுத்து, குறுக்குக் கோடிட்ட ஓ, தலையில் வளையம் ஏந்திய ஏ. சிற்றெழுத்தில் இவற்றின் எண்கள் 230, 248, 229. கடைசியில் வரவேண்டிய எழுத்துக்கு மூன்றிலும் சிறிய எண். எண்ணை நம்பினால் டேனிஷ் அகராதியும் குலையும். ஆயினும் டென்மார்க்கின் கணினிகளில் அது குலைவதில்லை.

இன்னும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. வளையம் ஏந்திய எழுத்து 1948 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் டேனிஷில் அதிகாரபூர்வமாக வந்தது. அதற்கு முன் இரட்டை ஏ எழுதினர். ஆர்ஹூஸ் நகரம் தன் பெயரை வளைய எழுத்திலிருந்து மீண்டும் இரட்டை ஏ‑க்கு 2011இல் மாற்றிக்கொண்டது. எழுத்துக்கூட்டல் மாறியும் அகரவரிசையில் அதன் இடம் நெடுங்கணக்கின் கடைசியிலேயே நிற்கிறது. அதாவது, இரண்டு குறியீடுகளை ஒரே எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தும் வேலையை அங்கே இயங்குதளம் செய்கிறது. ககரத்தையும் உகரக் குறியையும் சேர்த்துக் ‘கு’ என்று கொள்வதும் இதே வகை வேலைதான். ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் நெறி எண்களை ஒப்பிடுவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் எழுத்துத் தொடருக்கும் தரப்பட்ட எடைகளை ஒப்பிடுகிறது. மொழிக்கு மொழி மாறும் விதிகள் வட்டாரத் தரவில் இருக்கின்றன. தமிழுக்கும் அவை எழுதப்பட்டுள்ளன. குப்பனூர் முன்னே நிற்கும் பட்டியல் எங்கேனும் தென்பட்டால், அந்த மென்பொருள் அத்தரவை நாடவில்லை என்று கருதுவதே பொருத்தம்.

காலவரிசையும் இதற்குத் துணைநிற்கிறது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ்ப் பட்டியல் இருந்தது. விண்டோசில் அது இயங்குதளத்தின் பகுதியாகப் பயன்பாட்டுக்கு வந்தது விண்டோஸ் 2000 வெளியானபோதுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டியலின் அடிப்படை மாறவில்லை. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பொறியும் லதா எழுத்துருவும் வந்து சேர்ந்தன. ஆண்ட்ராய்டு 2008இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் அதே பட்டியலில் எழுதிய தமிழ் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தது, பிந்தைய பதிப்புகளில் சீராகத் தெரிந்தது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறிய விளைவுகளை விளக்க முடியாது.

பட்டியலின் வெற்றிடங்களைத் தமிழுக்கு நேர்ந்த அவமதிப்பாகக் காண்போர் உண்டு. 128 இடங்களில் 72 மட்டுமே நிரம்பியுள்ளன என்பது உண்மை. ககரத்துக்குப் பின் மூன்று இடங்கள் காலியாக இருப்பதும் உண்மை. வெற்றிடம் நினைவகத்தைத் தின்பதில்லை. புள்ளி பெற்ற மெய்யை அடிப்படையாகக் கொள்ளும் தொல்காப்பிய மரபுக்கு இப்பட்டியல் முரண் என்ற வாதமும் நெடிது நிற்காது. இலக்கணம் மொழியின் அமைப்பை உரைப்பது, குறியீட்டு எண் சேமிப்புக்கானது. நான் ஏற்கும் உண்மையான இழப்பு குறுஞ்செய்தியில் நேர்ந்தது. ஒரு செய்திக்கு 70 குறியீடுகள் என்ற வரம்பில் குப்பனூர் ஒன்பதை எடுத்துக்கொள்ளும். அந்த வரம்பும் தொலைபேசித் தரம் விதித்தது. தொண்ணூறுகளில் இயங்குதளத்துக்குக் காத்திராமல் தமிழைத் திரையில் காட்டிய தகுதரம், தாம், தாப் போன்ற எட்டுத் துண்மிக் குறியேற்றங்களின் பங்கையும் இக்கட்டுரை குறைத்து மதிக்கவில்லை. அன்றைய தேவைக்கு அவை சரியான விடைகள்.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் மொழியான டேனிஷுக்கு விண்டோஸ் முழுப் பதிப்பாகக் கிடைத்துவந்தது. ஏழு கோடிக்கும் மேற்பட்டோரின் தமிழுக்கு, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், இடைமுகத்தின் ஒரு பகுதியை மட்டும் மொழிபெயர்த்த பொதிதான் கிடைத்தது. இரண்டு மொழிகளும் ஒரே ஒருங்குறியில்தான் உள்ளன. வாங்குவோரின் கோரிக்கையும் அரசின் கொள்முதல் நிபந்தனையும் இங்கே தீர்மானகரமானவை என்பது என் துணிபு. சந்தையின் அளவு, வருவாய் போன்ற பிற காரணிகளையும் தனியே ஆராய வேண்டும் என்பதால் இதை முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. ஆனால் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் போன்ற பெருங்கொள்முதலில்தான் ஓர் அரசுக்கு நிறுவனங்களிடம் பேரம் பேசும் வலிமை மிகுதி என்பதில் ஐயமில்லை.

நடைமுறையில் இது கேட்கவேண்டிய கேள்வியையே மாற்றுகிறது. ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கப்படும்போது, அது எந்தக் குறியேற்றத்தில் எழுதுகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. ஊர்ப்பெயர்களை நெடுங்கணக்கின்படி அடுக்குகிறதா, ஒகர உயிர்மெய்யை ஒற்றைக் குறியாலும் இரட்டைக் குறியாலும் உள்ளிட்டாலும் ஒன்றென்று கண்டு தேடித் தருகிறதா என்று சோதித்தே ஏற்கவேண்டும். இன்னொரு குறியேற்றத்தைத் தரப்படுத்த நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இத்தகைய ஏற்புச் சோதனைகளை வகுக்கச் செலவிட்டால், தமிழ்ப் பயனருக்கு அதனால் விளையும் நன்மை பெரிது.