சுவிற்சர்லாந்து மருத்துவமனைகளில் சமூகப் பணியாளரும் ஈழத்தமிழரும்

1895இல் இலண்டன் ரோயல் ஃபிரீ மருத்துவமனை மேரி ஸ்ரூவர்ட்டை நியமித்தபோது, இலவச மருத்துவத்துக்குத் தகுதியற்றோரைப் பிரித்தறிவதே அவருக்கு இடப்பட்ட முதற்பணி. நோயாளியின் வீட்டுநிலையை மருத்துவருக்கு உணர்த்தும் பணியாக அது விரிந்தது, 1905இல் பொஸ்ரனில் ரிச்சர்ட் கபொட் தொடங்கிய முயற்சியால்.

1996 முதல் மருத்துவக் காப்புறுதி அனைவருக்கும் கட்டாயமாயுள்ள சுவிற்சர்லாந்தில் அந்த இலண்டன் வேலைக்கு இடம் குறைவு. ஆனால் 2012இல் நாடெங்கும் வந்த நோய்வகைக் கட்டண முறை, நோயாளியை விரைந்து வீட்டுக்கனுப்பத் தூண்டுகிறது. வீடு திரும்பலைத் திட்டமிடும் சமூகப் பணியாளரின் பொறுப்பு இதனாற் கூடிற்று. 1980களில் அடைக்கலம் தேடி வந்த தமிழரோ இன்று முதுமையெய்துகின்றனர். பயிற்சிபெற்ற உரைபெயர்ப்பாளர் இருந்தும், பிள்ளைகளையே இடையில் நிறுத்தும் வழக்கத்தை (எல்லோர்க்கும் வசதியானதுதான்) நான் ஏற்பதற்கில்லை. முதியோர் இல்லம் பற்றிய வினாவுக்குத் தந்தையின் விடையை மகளின் வாயிலாகவே கேட்கும் பணியாளர், அவரைப் பராமரிக்கும் அம்மகளின் களைப்பை யாரிடம் கேட்டறிவார்?